கந்த சஷ்டி விரதம்: முதன்முறை இருப்பவர்களுக்கு

ஐப்பசி அமாவாசை கழிந்து பிரதமையில் தொடங்கி, வளர்பிறைச் சஷ்டி வரை ஆறு நாள் முருகனுக்காக இருப்பது கந்த சஷ்டி விரதம். ஆறாம் நாள் மாலை சூரசம்ஹாரம், ஏழாம் நாள் திருக்கல்யாணம். அதோடு நிறைவு.

புதிதாக இருப்பவர்கள் பலர் மூன்றாம் நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். பக்தி குறைவு என்று அதைச் சொல்லக்கூடாது. யாரோ இருந்த கடுமையான விரதத்தைப் பார்த்து, தன் உடம்பையும் வேலையையும் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஆறு நாளும் ஒரே சீராகக் கொண்டுபோக முடிகிற விரதம் எதுவோ அதுவே உங்கள் விரதம். அதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான வழிதான்.

நாள் பார்ப்பது

தீபாவளி முடிந்த மறுநாளே விரதம் தொடங்கும் என்று எல்லா ஆண்டும் நம்பிவிடாதீர்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20; விரதம் தொடங்கியது 22, சூரசம்ஹாரம் 27. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. தொடக்கம் நவம்பர் 2, சம்ஹாரம் 7. ஆனால் 2023-இல் தீபாவளி நவம்பர் 12, மறுநாள் 13-ஆம் தேதியே திருச்செந்தூரில் விழா தொடங்கிவிட்டது, 18-இல் சம்ஹாரம்.

இந்த வித்தியாசம் திதியால் வருகிறது. ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்துக்குள் முடியும், சில சமயம் 26 மணி நேரத்தைத் தொடும். அது சூரிய உதயத்தோடு தொடங்கி சூரிய உதயத்தோடு முடிவதில்லை. சூரசம்ஹாரம் மாலையில் நடப்பதால், மாலையில் சஷ்டி இருக்கிற நாளைத்தான் கோயில்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே முதலில் சம்ஹார நாள் எது என்று பார்த்துவிட்டு, அதையும் சேர்த்துப் பின்னோக்கி ஆறு நாள் எண்ணுங்கள். முதல் நாள் தானாகக் கிடைக்கும். பிரதமையிலிருந்து முன்னோக்கி எண்ணினால் சில ஆண்டுகளில் ஒரு நாள் குறையும். 2023 அப்படிப்பட்ட ஆண்டு.

நாள்காட்டியில் 'சஷ்டி 25.30' என்று போட்டிருந்தால் அது மணிக் கணக்கு அல்ல, நாழிகைக் கணக்கு. உதயத்திலிருந்து 25 நாழிகை 30 விநாழிகை வரை சஷ்டி இருக்கிறது என்று பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம், 60 விநாழிகை ஒரு நாழிகை. அப்படியானால் 10 மணி 12 நிமிடம். உதயம் 6.05 என்றால் சஷ்டி மாலை 4.17 வரை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மாறுபட்டால் நீங்கள் போகும் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் ஊரிலிருந்து வரும் நாள்காட்டியைப் பார்க்காமல் அங்குள்ள கோயிலில் கேட்பது நல்லது. அங்கே ஒரு நாள் முன்பின்னாக விழலாம்.

முந்தைய வாரம்

விரதத்துக்கு முன்னால் வருவது தீபாவளி. எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் தின்ற வயிறு மறுநாளே பாலுக்கும் பழத்துக்கும் மாறினால் புளித்த ஏப்பமும் வயிற்று உப்புசமும் நிச்சயம். அமாவாசையன்று ஒருவேளையாவது கஞ்சியோ இட்லியோ சாப்பிட்டு வயிற்றை ஓய வையுங்கள்.

அடுத்தது காபி. விரதத்தில் காபியை விட்டுவிட நினைப்பவர்கள் முதல் நாளன்று சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் நெற்றிப்பொட்டு தெறிக்கும். பசியால் வந்த தலைவலி என்று நினைத்துக்கொள்வார்கள். அது காபியை நிறுத்தியதால் வருவது. நான்கைந்து நாள் முன்பே நான்கு வேளையை மூன்றாக்கி, இரண்டாக்கி, அரை டம்ளராக்கிக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் சேர்த்துவைக்க வேண்டியவை அதிகமில்லை. ஆறு அகல், பஞ்சுத் திரி, நல்லெண்ணெய் அல்லது நெய். ஒரு சிறிய அகலுக்கு ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி எண்ணெய் வேண்டும். ஆறு அகல், ஆறு நாள், மாலை மட்டும் ஏற்றினால் 360 மில்லி. அரை லிட்டர் வாங்கினால் போதும். காலையிலும் ஏற்றுவதானால் ஒரு லிட்டர். பச்சரிசி, மஞ்சள் கயிறு, ஒரு மஞ்சள் கிழங்கு, விபூதி, சந்தனம், குங்குமம், தேன், தினை கால் கிலோ. பூ தினமும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

முருகனுக்குச் செவ்வரளி விசேஷம். ஆனால் அரளி விஷச் செடி என்பதை மறக்க வேண்டாம். பூவோ இலையோ தீர்த்தச் செம்பிலும் நைவேத்தியத்திலும் விழக்கூடாது. துளசி போட்ட தண்ணீரைத் தீர்த்தமாக எடுப்பதைப்போல அரளி போட்ட தண்ணீரை எடுக்கவே கூடாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் வெட்சியோ செம்பருத்தியோ சாத்துங்கள்.

எந்த விரதம்

பழக்கத்தில் இருக்கிற முறைகளை எளிதிலிருந்து கடினத்துக்குச் சொல்கிறோம்.

ஒருவேளை உணவு: மதியம் ஒரு முறை பச்சரிசிச் சாதம், பருப்பு, காய், மோர். வெங்காயம், பூண்டு இல்லை. காலையும் இரவும் பால் அல்லது ஒரு பழம். முதன்முறை இருப்பவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான். இதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: மூன்று வேளைச் சோற்றை அந்த ஒரு வேளையில் ஏற்றுவது. வழக்கமான மதியச் சாப்பாட்டின் அளவைத் தாண்டாதீர்கள். தாண்டினால் தூக்கம் தள்ளும், மாலைப் பூஜை போய்விடும்.

பால் பழம்: ஒரு நாளைக்குப் பால் மூன்று டம்ளர், வாழைப்பழம் மூன்று நான்கு, பேரீச்சை ஐந்தாறு, தண்ணீர் இரண்டரை லிட்டர். இரண்டாம் நாளிலிருந்து மலச்சிக்கல் வருவது சகஜம். இரவுப் பழத்தைக் கொய்யாவாகவோ பூவனாகவோ மாற்றுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் உப்பும் நீரும் போதவில்லை என்று அர்த்தம். ஒரு டம்ளர் நீர்மோரில் ஒரு சிட்டிகை இந்துப்பு போட்டுக் குடித்தால் சரியாகும். வெறும் வயிற்றில் சாத்துக்குடி, ஆரஞ்சு வேண்டாம், எரியும்.

இளநீர் விரதம்: இளநீர் மட்டும். இதைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எடுக்கவே கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம்; கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பையே பாதிக்கும். 'இளநீர் தானே' என்று எண்ணிவிடக் கூடாது.

மிளகு விரதம்: முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஆறாம் நாள் ஆறு மிளகு, கூடத் தண்ணீர். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பல ஆண்டு இருந்து பழகியவர்கள் இதை எடுப்பார்கள். புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல. வெறும் வயிற்றில் மிளகு புண்ணைக் கிளறும். ஆறு நாள் பட்டினியில் உடம்பின் உப்புச் சமநிலை குலைந்துவிடும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் உணவைக் குறைக்கும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். உணவைக் குறைத்து மாத்திரையை அப்படியே போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். அதனால் விரதம் கெடாது. மருந்து விழுங்கக் குடிக்கும் தண்ணீராலும் கெடாது. இப்படிப்பட்டவர்கள் மூன்று வேளையும் சைவமாக, அளவாகச் சாப்பிட்டுக்கொண்டு வழிபாட்டை மட்டும் ஆறு நாளும் தவறாமல் செய்யலாம். அதுவும் முழு விரதமே.

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்ற பழமொழியைச் 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் கரு வரும்' என்று பொருள் கொண்டு, குழந்தை வேண்டி இருப்பவர்கள் ஏராளம். சிகிச்சையில் இருக்கும் பெண்கள் தயவுசெய்து பட்டினி கிடக்க வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒருவேளை விரதமாக இருங்கள். பெண் மட்டும் வயிறு காய்வது என்பது இந்த விரதத்தின் எந்த விதியிலும் இல்லை.

முதல் நாள்

விடிவதற்கு முன் குளித்துவிட்டு, முதலில் பிள்ளையாருக்கு ஒரு அறுகம்புல். பிறகு முருகன் படத்துக்கு முன் நின்று உங்கள் பெயர், நட்சத்திரம், எதற்காக இருக்கிறீர்கள், எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுதான் சங்கல்பம். வடமொழி மந்திரம் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். 'ஆறு நாளும் மதியம் ஒருவேளை சாப்பிட்டு இருக்கிறேன் முருகா' என்றால் போதும். எந்த முறை என்பதைச் சொல்லிவிடுவதில் ஒரு பயன் உண்டு. நடுவில் அடுத்தவரைப் பார்த்துக் கடுமையாக்கவும் தோன்றாது, தளர்த்தவும் தோன்றாது.

காப்பு: கோயிலில் குருக்கள் கட்டினால் அதுவே சிறந்தது. வீட்டிலானால் மஞ்சள் கயிற்றில் கிழங்குத் துண்டு ஒன்றை முடிந்து, சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து, ஆண்கள் வலது கையிலும் பெண்கள் இடது கையிலும் கட்டிக்கொள்வது வழக்கம். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர விடுங்கள். ஈரக் கயிறு காய்ந்தால் இறுகும்.

இனி சட்கோணம், அதாவது முருகனுக்குப் போடும் ஆறுமுனைக் கோலம். இது கோணலாகப் போய்விடுகிறது என்று பலர் அச்சடித்த தாளை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். கையால் போடுவது கடினமே இல்லை. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைய அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். நீர்த்திருந்தால் காய்ந்ததும் கோடு தெரியாது. கெட்டியாக இருந்தால் மூன்றாம் நாள் பொருக்காக உதிரும். ஒரு மனைப்பலகையைத் துடைத்து, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துச் சுற்றிலும் பென்சிலால் மெல்லிய வட்டம் போடுங்கள். தட்டின் பாதி அகலத்துக்கு ஒரு நூலை வெட்டி, வட்டத்தின் உச்சியில் தொடங்கி, வளைக்காமல் நேராக இழுத்துப் பிடித்து, வட்டத்தின் மேல் புள்ளி புள்ளியாக அளந்துகொண்டு போனால், ஆறாவது அளவு தொடங்கிய புள்ளியில் வந்து முடியும். ஆறு புள்ளி கிடைத்துவிட்டது. ஒன்று விட்டு ஒன்றைச் சேர்த்தால் மேல்நோக்கி ஒரு முக்கோணம், மீதி மூன்றைச் சேர்த்தால் கீழ்நோக்கி ஒன்று. இப்போது துணியை மாவில் நனைத்து விரலால் அந்தக் கோட்டின் மேல் இழையுங்கள். நடுவில் ஓம். உச்சி முனையில் தொடங்கி வலமாக ச, ர, வ, ண, ப, வ.

எழுத்து முனைக்கு உள்ளே, விளக்கு முனைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் எண்ணெய் வழிந்து எழுத்து அழியும். ஒவ்வொரு அகலுக்கும் அடியில் வெற்றிலை வைத்தால் பலகையில் சூடு ஏறாது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போகும் வழக்கமும் உண்டு, ஆறு நாளும் ஆறும் ஏற்றுவதும் உண்டு. எது உங்கள் வீட்டுப் பழக்கமோ அது. பழக்கமே இல்லாத வீட்டில் கூட்டிக்கொண்டு போவது நன்றாக இருக்கும். குழந்தைகள் நாளை எண்ணிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

தினசரி ஒழுங்கு

காலைக் குளியல், விளக்கு, கந்த சஷ்டி கவசம், நைவேத்தியம், தீபாராதனை. மாலையும் அப்படியே. நடுவில் வேலை நேரத்தில் 'சரவணபவ' மனதுக்குள். வீட்டில் வேல் இருந்தால் ஒரு டம்ளர் அரிசியில் அதை நிறுத்தி வையுங்கள். அபிஷேகத்துக்கு வேலைத் தனியே ஒரு தாம்பாளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; 100 மில்லி பால் தாராளம். பித்தளை வேலில் தயிரும் எலுமிச்சையும் தங்கினால் பச்சை பிடிக்கும். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

கந்த சஷ்டி கவசத்தை ஒரு நாளில் 36 உரு சொல்வது என்று ஒரு கணக்கு இருக்கிறது. நிதானமாகப் படித்தால் ஒரு முறைக்குக் கால் மணி நேரம். 36 முறைக்கு ஒன்பது மணி நேரம். முதல் ஆண்டே அதற்கு ஆசைப்பட்டு, வாய் ஒரு பக்கம் மனம் ஒரு பக்கம் ஓட வேண்டாம். தினம் ஆறு முறை, காலை மூன்று மாலை மூன்று. ஆறு நாளில் 36 முடிந்துவிடும். அதுவும் முடியாதவர்கள் காலை ஒன்று, மாலை ஒன்று. புத்தகத்தைப் பார்த்துப் படிக்கலாம், தவறே இல்லை. செல்போனில் பாட்டை ஓடவிட்டுச் சமையல் செய்வது கேட்பதுதான், பாராயணக் கணக்கில் சேராது.

நைவேத்தியத்துக்கு ஒரு நாளாவது தேனும் தினைமாவும் செய்யுங்கள். வள்ளி காத்த தினைப்புனத்தை நினைத்துப் படைப்பது அது. தினை ஒரு கப் எடுத்துக் கல் போக அரித்து, துணியில் நிழலில் உலர்த்துங்கள். கையில் ஒட்டாமல் உதிரும் பதம் வந்ததும் அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். படபடவென்று பொரியத் தொடங்கி வாசம் வந்தவுடன் இறக்கிவிடுங்கள். நிறம் மாறினால் கசப்பு ஏறிவிடும். ஆறியபின் பொடித்துச் சலித்து, அரை கப் பொடித்த வெல்லம், இரண்டு ஏலக்காய், ஒரு மேசைக்கரண்டி உருக்கிய நெய் சேர்த்துப் பிசறி, தேனைக் கடைசியில் ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். மூன்று கரண்டிக்குள் உருண்டை பிடிபடும். மொத்தத் தேனையும் ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும். மாவு சூடாக இருக்கும்போது தேன் விடாதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்ந்த பிரசாதம் கொடுக்கக்கூடாது.

இரண்டு, மூன்றாம் நாள்கள்

கஷ்டமான நாள்கள் இவைதான். நாலாம் நாளிலிருந்து உடம்பு பழகிவிடும். மாலை நான்கு மணி வாக்கில் எரிச்சலும் கோபமும் வரும். பிள்ளைகள் மேல் பாயத் தோன்றும். அந்த நேரத்துக்கு முன்பே ஒரு டம்ளர் மோரோ பாலோ குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கண்மூடி உட்காருங்கள். பகல் தூக்கம் விரதத்தில் விலக்கு. ஆனால் தலை சுற்றுகிறவர் படுத்துத்தான் ஆக வேண்டும், நின்றுகொண்டிருக்கக் கூடாது.

தவறிப்போய் எதையாவது சாப்பிட்டுவிட்டால் அன்றோடு விட்டுவிட வேண்டாம். வாய் கொப்பளித்து, விபூதி இட்டு, மீதி நாளைத் தொடருங்கள். நடுவில் மாதவிலக்கு வந்தால் பூஜையை வீட்டில் வேறொருவர் ஏற்று நடத்த, உணவு ஒழுங்கை அப்படியே தொடர்வது வழக்கம். மனதுக்குள் முருகா என்று சொல்வதை யாரும் தடுக்கவில்லை. இறப்புத் தீட்டு வந்தால் பூஜையை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு இருக்கலாம்.

ஐந்தும் ஆறும்

'சிக்கலில் வேல் வாங்கி, செந்தூரில் சம்ஹாரம்' என்பார்கள். நாகப்பட்டினம் பக்கம் சிக்கலில் ஐந்தாம் நாள் சிங்காரவேலர் அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குகிறார். அப்போது திருமேனியில் வியர்வை அரும்புவதைப் பார்க்கவே கூட்டம் திரளும். வீட்டிலும் அன்று வேலுக்குச் சந்தனம் குங்குமம் இட்டுத் தனியாக வணங்குங்கள்.

ஆறாம் நாள் முடிந்தவர்கள் முழு உபவாசம். முடியாதவர்கள் முந்தைய ஐந்து நாள்போலவே. திருச்செந்தூரில் மாலை நான்கு மணிக்கு மேல் கடற்கரையில் சம்ஹாரம். யானை முகம், சிங்க முகம், சூரன் முகம் என்று தலை மாறி மாறி வந்து, கடைசியில் மாமரமாக நிற்பான். வேல் பிளந்த மரம் சேவலும் மயிலுமாகி ஒன்று கொடியில் ஏறும், ஒன்று வாகனமாகும். சூரனை அழித்துவிடாமல் அருகிலேயே வைத்துக்கொண்டதை அந்த நிமிடத்தில் நினைத்துப் பாருங்கள். ஈழத்தில் இதைச் சூரன் போர் என்பார்கள். அறுபடை வீடுகளில் திருத்தணியில் மட்டும் சூரசம்ஹாரம் கிடையாது. அது முருகன் சினம் தணிந்த தலம், அங்கே புஷ்பாஞ்சலிதான்.

திருச்செந்தூர் போகிறவர்கள் பட்டினியோடு மணலில் மணிக்கணக்காக நிற்கப்போகிறோம் என்பதைக் கணக்கில் வையுங்கள். மதியத்துக்கு முன் போய்ச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தலைக்குத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் செல்போன் எண் எழுதிய தாள் இருக்கட்டும். சம்ஹாரத்துக்குப் பின் கடலில் குளிக்கும் வழக்கம் உண்டு. இருட்டில், நெரிசலில், வெறும் வயிற்றோடு ஆழத்துக்குப் போகாதீர்கள். கணுக்கால் நீரில் நின்று தலையில் தெளித்துக்கொண்டாலும் குளித்ததாகத்தான் கணக்கு. பிறகு கோயிலில் சாயாபிஷேகம்: சுவாமிக்கு எதிரே கண்ணாடி வைத்து, அதில் தெரியும் பிம்பத்துக்கு அபிஷேகம். கூட்டத்தில் இதைத் தவறவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் சம்ஹாரம் முடிந்ததும் குளித்து, ஆறு விளக்கையும் ஏற்றிக் கவசம் சொல்லி, பால் பழம் எடுத்துக்கொள்ளலாம். முழுச் சாப்பாடு மறுநாள்தான்.

பாரணை

ஏழாம் நாள் காலை குளித்துப் பூஜை முடித்தபின் விரதம் முடிப்பது பாரணை. அன்று மாலை திருக்கல்யாணம் பார்த்த பிறகே முடிப்பவர்களும் உண்டு. தொடக்கத்திலேயே சங்கல்பத்தில் எதைச் சொன்னீர்களோ அப்படி. ஒருவேளை உணவில் இருந்தவர்கள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். பால் பழத்திலோ இளநீரிலோ இருந்தவர்கள் வடை பாயசத்தில் கை வைக்கக்கூடாது. முதலில் தீர்த்தம், அரை மணி கழித்து நீர்த்த பாசிப்பயற்றங்கஞ்சி ஒரு டம்ளர், மதியம் குழைந்த சாதமும் ரசமும், இரவு இட்லி. இயல்பான உணவுக்கு மறுநாள் போகலாம். ஆறு நாள் தண்ணீரிலேயே இருந்தவர்கள் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். சட்டென்று நிறைய மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. அப்படி இருந்தவர்கள் டாக்டர் சொல்படி சாப்பிடுவதே சரி.

பாரணை முடித்த பகலில் தூங்கக் கூடாது என்பது மரபு. வயிறு நிறைந்ததும் கண் சொக்கும். கோயிலுக்கு நடந்து போய்வாருங்கள், சரியாகிவிடும்.

திருக்கல்யாணம் முடிந்தபின் காப்பைக் கழற்றி, செடியோரம் மண்ணில் புதைத்துவிடுங்கள். பருத்திக் கயிறு மக்கிவிடும். ஆற்றிலும் கடலிலும் வீச வேண்டாம். வேல் நின்ற அரிசியைச் சர்க்கரைப் பொங்கலாக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். மனைப்பலகையின் கோலத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்த மாவுத் தண்ணீரைத் துளசி மாடத்தில் ஊற்றலாம். தொடர்ந்து இருக்க மனம் வந்தவர்கள் அடுத்த மாத வளர்பிறைச் சஷ்டியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்; அது ஒரே நாள் விரதம், ஒருவேளை உணவு.